பக்கத் தகடு இல்லாத செஞ்சுரியன்

குன்னூரில் நண்பர் ஒருவர் 1:35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, செஞ்சுரியன் டேங்க்கின் பிளாஸ்டிக் மாடல் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறார். மாடல் பழக்கம் உள்ளவர்கள் அதைப் பார்த்ததும் கேட்பது, "சைடு பிளேட் எல்லாம் எங்கே?" பழக்கம் இல்லாதவர்கள் கேட்பது, "நல்ல டேங்க்கை ஏன் இப்படிப் பிரிச்சுப் போட்டு வச்சிருக்கீங்க?" இரண்டு கேள்விக்கும் பதில் அவருடைய அப்பாதான். ஆனால் அப்பா பட்டாளத்துக்காரர், அதனால் மகன் டேங்க் செய்கிறார் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அப்பாவின் ஞாபகமும் புத்தகத்துப் புகைப்படங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் வேலை பல மாதம் அப்படியே நின்றது. அந்த முடிச்சு எப்படி விழுந்தது, எப்படி அவிழ்ந்தது என்பதை முழுசாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நானும் கொஞ்சம் பிளாஸ்டிக் ஒட்டுகிற ஆள்தான், அந்த மேஜைக்குப் பக்கத்தில் நிறைய நேரம் உட்கார்ந்தவன். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயர்களையும் ரெஜிமென்ட்டின் எண்ணையும் விட்டுவிட்டேன்.

பெரியவர்

அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் கிராமங்கள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. இவரும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு சேர்ந்துவிட்டார். துப்பாக்கி தூக்கும் வேலை கிடைக்கவில்லை, இ.எம்.இ. என்ற மெக்கானிக் பிரிவில் போட்டார்கள். செகந்திராபாத்தில் பயிற்சி, அப்புறம் ஒரு டேங்க் ரெஜிமென்ட்டோடு ஒட்டியிருக்கும் எல்.ஏ.டி.யில் போஸ்டிங். எல்.ஏ.டி. என்றால் ரெஜிமென்ட் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய், நின்றுபோன வண்டியைச் சரிபண்ணித் திரும்ப அனுப்புகிற சின்ன ரிப்பேர் குழு. 1971 டிசம்பரில் அந்த ரெஜிமென்ட் ஷகர்கர் பகுதியில் இருந்தது.

ஷகர்கர், ஜம்முவுக்கும் பஞ்சாபுக்கும் நடுவே இந்தியப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பாகிஸ்தான் நிலம். வழி நெடுக அடுக்கடுக்காகக் கண்ணிவெடி புதைத்த வயல்கள், குறுக்கே பசந்தர் ஆறு. டிசம்பர் 16 அன்று அங்கே நடந்த டேங்க் சண்டையில்தான் பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட்டின் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் 21 வயதில் உயிர்விட்டார். பரம் வீர் சக்ரா கிடைத்தது. கடைசி வரைக்கும் அவர் இருந்த 'ஃபாமகுஸ்தா' என்ற செஞ்சுரியனைப் பழுதுபார்த்து இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் சண்டை நிறுத்தம். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். பெரியவரிடம் கேட்டால், "அதெல்லாம் முன்னாடி தம்பி, எங்ககிட்ட வர்றது உடைஞ்ச வண்டிதான்" என்பதோடு சரி. மெடல் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, பேரப்பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்டுவார். சண்டைக் கதை என்று உட்கார்ந்து சொன்னதே கிடையாது. ஆனால் ஒரு போல்ட் ஏன் கழலவில்லை என்ற கதையை அரை மணி நேரம் சொல்லுவார். காது மந்தம் என்பதால் தெருவுக்கே கேட்கும்.

ஓய்வுக்குப் பிறகு அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை கிடைத்து மலைக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். குண்டுக்கு உந்துமருந்து செய்கிற ஆலை அது, நூறு வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது. ஒரு ஸ்டேஷன் தள்ளினால் வெலிங்டன். மதராஸ் ரெஜிமென்ட் சென்டர், ஸ்டாஃப் காலேஜ் எல்லாம் அங்கே. ஆக மகன் வளர்ந்தது முழுக்க யூனிஃபார்ம்களுக்கு நடுவில்தான், ஆனால் அவர் வளர்ந்த மலையில் டேங்க் ஓடி யாரும் பார்த்ததில்லை. காட்டேரி வளைவில் லாரி திரும்பவே படாதபாடு படுகிறது, 50 டன் வண்டிக்கு இங்கே என்ன வேலை?

மகன்

நண்பருக்கு முதலில் கிடைத்த மாடல் பெட்டி ஒரு ஜெர்மன் டைகர் டேங்க். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, மாடல் கடைகளில் பாதிக்கு மேல் ஜெர்மன் சரக்குதான். 1:35 என்ற இந்த விசித்திரமான அளவே ஒரு ஜெர்மன் டேங்க்கால் வந்தது: 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா கம்பெனி மோட்டாரில் ஓடும் பாந்தர் டேங்க் ஒன்றைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்குகிற மாதிரி உடம்பை அமைத்தார்கள், அமைந்த பிறகு கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதையே மற்ற கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன. பேட்டரி அளவு நிர்ணயித்த ஸ்கேலில் உலகமே டேங்க் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

டைகர் முடிந்ததும் மகன் அதை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அப்பா கையில் வாங்கினார். பீரங்கியைப் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பி அடிவயிற்றைப் பார்த்தார்.

"யார் வண்டிடா இது?"

"ஜெர்மன்காரன் வண்டிப்பா. ரெண்டாம் உலகப் போர்."

"ஆயில் டிரெயின் பண்ற பிளக்கு எங்க?"

அது பெட்டியில் இல்லை. மகனுக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்ததாம். ஆனால் அடுத்த மாடலிலிருந்து அடிப்பக்கத்தையும் கவனித்துக் கட்ட ஆரம்பித்தார், யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும். அப்பாவின் பாதிப்பு என்று நான் சொல்வது இந்த வகை சமாச்சாரங்களைத்தான். பாகங்களை அவை ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டினால் நியூஸ்பேப்பர் விரித்து ஒட்டுகிற வரிசையிலேயே அடுக்கி வைப்பார். ஒர்க்‌ஷாப்பில் கழட்டின வரிசையில் சாமான் வைக்காதவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதைச் சின்ன வயதிலிருந்தே அப்பா வாயால் கேட்டவர். இப்படிப்பட்ட ஒழுங்கு எந்தப் பயிற்சி வீடியோவிலும் வராது.

ஒருநாள் டிரங்குப் பெட்டியைக் காய வைக்கும்போது (இங்கே மழை முடிந்ததும் எல்லா வீட்டிலும் நடக்கிற சடங்கு, விட்டால் பூஞ்சை தின்றுவிடும்) ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ கிடைத்தது. நான்கு பேர், எண்ணெய்க் கறைச் சட்டை, பின்னால் ஒரு செஞ்சுரியன். பக்கத் தகடு இல்லை, சக்கரங்கள் அப்படியே வெளியே தெரிகின்றன. நான்கு பேரில் இடது ஓரம் நிற்பவர் அப்பா. ஜெர்மன் டேங்க்குகளை அன்றோடு மூட்டை கட்டிவிட்டார் மகன்.

முடிச்சு

செஞ்சுரியன் பிரிட்டிஷ் வண்டி, இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் வந்து சேர்ந்தது. சக்கரம் பக்கத்துக்கு ஆறு, இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் அதன் ஸ்பிரிங்குகளோடு ஒரு தனி யூனிட், அது உடம்புக்கு வெளியே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். இதற்கு ஹார்ஸ்ட்மன் சஸ்பென்ஷன் என்று பெயர். அந்தச் சக்கரங்களை மறைத்து மேலே தொங்குவதுதான் பக்கத் தகடு, 'பஸூக்கா பிளேட்' என்பார்கள். தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் மாதிரியான ஆயுதங்கள் உடம்பைத் தொடும் முன்பே வெடிக்கட்டும் என்பதற்காக வைத்தது. சில படைகள் அதைக் கழற்றி எறிந்ததும் உண்டு. வியட்நாமில் ஆஸ்திரேலியர்கள் ஓட்டிய செஞ்சுரியன்களில் செடி கொடியும் சேறும் உள்ளே போய் அடைத்துக்கொள்கிறது என்று எடுத்துவிட்டார்கள்.

நம் 1971 செஞ்சுரியனில் தகடு இருந்ததா, இல்லையா? அப்பா அடித்துச் சொன்னார்: "எங்க வண்டியில பிளேட்டு கிடையாதுப்பா. நான் தொட்டுப் பார்த்த வண்டி. சக்கரமெல்லாம் வெளியதான் தெரியும்." வீட்டு போட்டோவும் அதற்குச் சாட்சி. ஆனால் மகன் தேடிப் பிடித்த அந்தக் காலத்து இந்திய செஞ்சுரியன் படங்களில் தகட்டோடு ஓடும் வண்டிகள்தான் கண்ணில் பட்டன. பிரிண்ட் எடுத்து அப்பா முன்னால் வைத்தார். அது பெரிய தப்பாகப் போய்விட்டது. "அப்ப நான் பொய் சொல்றேனா?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் டேங்க் பேச்சே வீட்டில் இல்லை. பெட்டி அலமாரி மேல் ஏறிவிட்டது.

அந்தச் சமயத்தில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் சொன்ன யோசனைகள் இரண்டு விதம். ஒன்று, புத்தகத்துப் போட்டோதான் ஆதாரம், வயசானவர் ஞாபகம் தப்பும், தகட்டை ஒட்டிவிட்டுப் போ. இன்னொன்று, அப்பா சந்தோஷம்தான் முக்கியம், தகடு இல்லாமல் கட்டிவிடு, யார் கேட்கப் போகிறார்கள். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. முதலாவது மனிதரை மதிக்கவில்லை, இரண்டாவது வேலையை மதிக்கவில்லை.

அவிழ்ந்தது ஒரு ஐப்பசி மழை நாளில். கரண்ட் இல்லை, டிவி இல்லை, பெரியவர் பேசுகிற மூடில் இருந்தார். கண்ணிவெடி ஏறிய வண்டியை எப்படிச் சரி பண்ணுவீர்கள் என்று நான்தான் கேட்டேன், தகடு விஷயம் மனதிலேயே இல்லை. அவர் விரலை மடக்கிச் சொல்ல ஆரம்பித்தார். வெடி சக்கரத்துக்கு அடியில் வெடிக்கும், சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் செயின் அறுந்துவிடும், ஒரு ஜோடி சக்கரம் போய்விடும், ஆனால் வெளியே மாட்டியிருப்பதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் தப்பிப்பதும் உண்டு. போன யூனிட்டைக் கழட்டிவிட்டு இன்னொன்று மாட்டினால் வண்டி மறுபடியும் கிளம்பிவிடும். "ராத்திரியோட ராத்திரியா மாட்டணும் தம்பி. வெளிச்சம் போடக் கூடாது. வண்டி வந்து நின்னதும் முதல் வேலை பிளேட்டைக் கழட்டி ஓரமா வைக்கிறது, அப்பதான் கை போகும்..."

மகன் அடுப்படியிலிருந்து வந்து கதவருகே நின்றார். பார்த்தீர்களா என்று சொல்லவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மெதுவாகக் கேட்டார்: "கழட்டின பிளேட்டை எங்கப்பா வைப்பீங்க?"

"மரம் இருந்தா மரத்துல சாய்ப்போம். இல்லன்னா கீழதான். சாய்ச்சா எடுக்க சுளுவு."

சரி, விஷயம் அவ்வளவுதான். பெரியவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் கைக்கு வந்த வண்டிகள் எல்லாம் தகடு கழற்றிய வண்டிகள்; தகட்டோடு முன்னால் ஓடிய வண்டியை அவர் நின்று பார்க்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. வீட்டு போட்டோவும் ஒர்க்‌ஷாப்பில் எடுத்ததுதான், எண்ணெய்ச் சட்டையோடு நிற்கிறவர்கள் வேறு எங்கே நிற்பார்கள்? புத்தகத்துப் படம் போட்டோகிராபர் நின்ற இடத்திலிருந்து சரி, அப்பாவின் ஞாபகம் அப்பா நின்ற இடத்திலிருந்து சரி. பழைய பட்டாளத்துக்காரர்களிடம் விவரம் சேகரிக்கிறவர்கள் 'என்ன பார்த்தீர்கள்' என்று கேட்பதற்கு முன்னால் 'எங்கே இருந்தீர்கள், என்ன வேலை' என்று கேட்டுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. டிரைவர் சொல்கிற டேங்க் வேறு, பீரங்கி சுடும் கன்னர் சொல்கிறது வேறு, மெக்கானிக்குடையது வேறு.

அன்றைக்கே மாடலின் திட்டமும் மாறிவிட்டது. பாய்ந்து போகும் டேங்க் வேண்டாம், எல்.ஏ.டி. கைக்கு வந்த டேங்க். நடுச் சக்கர ஜோடி கழன்று கிடக்கிறது, செயின் தரையில் விரிந்திருக்கிறது, எஞ்சின் மூடி திறந்திருக்கிறது. தகடுகள் பின்னால் ஒரு கீக்கர் (கருவேல) மரத்தில் சாய்ந்திருக்கின்றன. குனிந்து பார்த்தால்தான் தெரியும், அதனால்தான் எல்லாரும் எங்கே எங்கே என்று கேட்கிறார்கள்.

கட்டியது

பெட்டிக்குள் எஞ்சின் வராது. செஞ்சுரியனுடைய எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ் மீட்டியர், ஸ்பிட்ஃபயர் விமானத்தில் இருந்த மெர்லினைச் சூப்பர்சார்ஜரை எடுத்துவிட்டுத் தரைக்கு இறக்கியது. 12 சிலிண்டர், 27 லிட்டர், 650 குதிரைத்திறன், டீசல் கிடையாது, பெட்ரோல். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி மேல்பாதியை மட்டும் செய்துகொண்டார். அடிப்பாதி எப்படியும் தெரியாது, அங்கே பேப்பர் திணித்திருக்கிறார், அதைப் பெரியவரிடம் சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக் ஒயர்களைப் பழைய டெலிபோன் கேபிளுக்குள் இருந்த செம்பு இழையில் இழுத்தார். முதலில் சிலிண்டருக்கு ஒன்று என்று 12 இழை. பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினார், உதடு அசைய அசைய.

"பாதிதான் இருக்கு."

"12 சிலிண்டர்தானேப்பா?"

"சிலிண்டருக்கு ரெண்டு பிளக்குடா. ரெண்டு மேக்னெட்டோ. இருபத்தி நாலையும் கழட்டிச் சுத்தம் பண்ணினவன் நான்."

அவர் சொன்னது சரி, மீட்டியருக்கு இரட்டை இக்னிஷன், பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் கொடுக்கும் மேக்னெட்டோவும் இரண்டு. மகன் மறுபடியும் பிரித்து 24 இழை இழுத்தார். முடியை விடக் கொஞ்சம் தடிமனான இழை, டுவீசரில் பிடித்து ஒரு முனையைச் சொட்டு சூப்பர் குளூவில் வைத்து, காய்கிறவரை மூச்சை அடக்கிப் பிடித்துக்கொண்டு, அப்புறம் அடுத்த முனையை வளைக்க வேண்டும். கடைசி வரிசையை உள்ளே போடும்போது முதல் வரிசை அறுந்தால் ஆரம்பத்திலிருந்து. இதைச் சுகம் என்று சொல்லுகிறவர்கள் நாங்கள் கொஞ்சப் பேர்தான்.

செயின் விஷயத்திலும் பெரியவர் விடவில்லை. பக்கத்துக்கு நூற்றுக்கு மேல் கண்ணி, ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். அந்த வேலையைப் பற்றி மேலும் எழுத எனக்கே அலுப்பாக இருக்கிறது. கோர்த்து மாட்டிய பிறகு பார்த்துவிட்டு, இது ஷோரூம் வண்டியா என்றார். ஓடி ஓடி, கண்ணிகளைக் கோர்க்கும் முள் தேய்ந்தால் செயின் நீளும், நீண்டால் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு இறுக்குவார்கள், அந்த எடுத்த கண்ணியைத் தூர எறிய மாட்டார்கள், தேவைப்படும். ஆக நல்ல பக்கத்தில் ஒரு கண்ணி குறைந்தது. அது டேங்க்கின் மூக்குப் பக்கம் கம்பியில் தொங்குகிறது.

மண்ணுக்கு வந்த பிரச்சினை சுவாரசியமானது. நம்ம ஊர் மாடல்காரர்கள் தோட்டத்து மண்ணைச் சலித்துப் போடுவது வழக்கம், ஆனால் நீலகிரி மண் சிவப்பு. டிப்போவில் மலிவாகக் கிடைக்கும் டஸ்ட் டீயையும் போட்டுப் பார்த்தார், இலைச்சருகுக்கு ஆகும், மண்ணுக்கு ஆகாது, கறுத்துவிடுகிறது. பெரியவர் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டார். அங்கே மண் வெளுத்திருக்கும், ஆற்று வண்டல், காய்ந்தால் மாவு மாதிரி பறக்கும், நனைந்தால் காலை விடாது என்றார். வெளுத்த மண்ணை எங்கே தேட? நண்பரின் மனைவிதான் சொன்னார், முகத்துக்குப் பூசுகிற முல்தானி மிட்டி அந்த நிறம்தானே என்று. மருந்துக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வந்து கொஞ்சம் சிமென்ட் தூள் கலந்து, பெவிகால் கரைத்த தண்ணீரில் நனைத்துப் பூசினார்கள். முல்தான் இருப்பதும் பாகிஸ்தான் பஞ்சாபில்தான், ஷகர்கருக்குப் பக்கமில்லை என்றாலும். பெரியவர் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு "இது சரி" என்றார். அவரிடமிருந்து அவ்வளவு சுலபமாக வாங்கிய 'சரி' வேறு எதற்கும் கிடைக்கவில்லை.

பெயிண்ட்தான் மலையில் பெரும் பாடு. சமவெளியில் மாடல் கட்டுகிறவர்களுக்கு இது புரியாது. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக உண்டு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வீட்டுக்குள் துணியே காயாது. எனாமல் பெயிண்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிற சாதனம், குளிரில் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். லேக்கர் வார்னிஷ் இன்னும் மோசம்: தெளித்தவுடன் தின்னர் படக்கென்று ஆவியாகிறது, ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பெயிண்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது, பச்சை டேங்க் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும். கம்ப்ரஸரிலும் தண்ணீர் சேர்ந்து, பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் துப்பும், அதற்கு நடுவில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வருகிறது, மூடினால் தின்னர் நாற்றம் வீடு முழுக்க. நண்பர் வீட்டில் ஏற்பட்ட ஒப்பந்தம் இது: மழை மாதங்களில் வெட்டுவது, ஒட்டுவது, கம்பி இழுப்பது. பெயிண்ட் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும்தான், அதுவும் வெயில் ஏறிய பிறகு, மாடியில். காய வைக்க ஒரு அட்டைப்பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு. எல்.ஈ.டி. பல்பு சூடு தராது, பழைய குண்டு பல்பைத் தேடித்தான் வாங்க வேண்டியிருந்தது.

நிறம் என்ன என்று கேட்டதற்கு, "பச்சைதான், ஆனா பச்சை தெரியாது" என்றார் பெரியவர். அதனால் ஆலிவ் பச்சை அடித்து, அதன்மேல் முல்தானி தூசியைத் தின்னரில் கலந்து மெல்லிசாகப் பலமுறை ஏற்றினார். எங்கே கை படுமோ அங்கே மட்டும் தூசி தேய்ந்து பச்சை தெரியும்: மூடிக் கைப்பிடி, ஏறுகிற இடம், எஞ்சின் மூடியின் விளிம்பு. எந்தெந்த இடத்தில் கை படும் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை, பெரியவர் காற்றில் ஏறிக் காட்டிவிட்டார், அந்த வயதிலும் வலது காலை முதலில் வைத்து.

அடையாள எண்களுக்குப் பெட்டியில் வந்த ஸ்டிக்கர் உதவவில்லை, அதில் வெளிநாட்டுப் படைகளுடையதுதான் இருந்தது. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் நம் ராணுவ எண்ணைத் தூரிகையால்தான் எழுதினார். எந்த உண்மையான வண்டியின் எண்ணும் இல்லாதபடி, கடைசி எழுத்துகள் சேற்றில் மறைந்திருக்கின்றன.

ஓட்டை

போர்க்கள மாடல் என்றால் குண்டு பாய்ந்த ஓட்டை, கரிந்த பெயிண்ட் வைப்பது எங்கள் வட்டாரத்தில் வழக்கம். சூடான ஊசியால் துளைத்து விளிம்பைக் கொஞ்சம் உள்ளே வளைத்தால் தத்ரூபமாக வரும், பரிசும் கிடைக்கும். நண்பரும் டரட்டின் (பீரங்கி மாட்டிய, சுழலும் மேல்பகுதி) பக்கவாட்டில் ஒன்று வைக்கலாமா என்று பென்சிலால் குறி போட்டிருந்தார். அப்பா அதைப் பார்த்தார்.

"இது என்ன?"

"குண்டு பட்ட இடம்ப்பா."

"வேணாம்."

ஏன் என்று மகன் கேட்டார். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அப்புறம், அப்படி வருகிற வண்டியில் முதல் வேலை ரிப்பேர் கிடையாது, உள்ளே கழுவுவதுதான் என்றார். யார் கழுவுவது என்று அதிகாரி சொல்ல மாட்டார், சீனியர் ஒருத்தர் பக்கெட்டை எடுப்பார், மற்றவர்கள் பின்னால் போவார்கள். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பென்சில் குறியை மகன் அப்போதே அழித்துவிட்டார். ஒரு பக்கத்தில் கண்ணிவெடி பட்டதும், கழன்ற சக்கரமும் போதும், அதுவே ஒரு ரிப்பேர் குழுவின் போர் என்று முடிவானது.

வெளிநாட்டு மாடல் பழக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டு குண்டு ஓட்டையை அலங்காரமாக வைப்பது எனக்கு முன்பும் உறுத்தியதுண்டு, இப்போது கூடுதலாக உறுத்துகிறது. வைக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. நான் நிறுத்திவிட்டேன்.

மாடலில் மனித உருவங்கள் மூன்று: சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தவர், எஞ்சின் மேல் குப்புறப் படுத்து உள்ளே கைவிட்டவர், டீ கொண்டுவருகிறவர். யாருக்கும் முகம் சரியாகத் தெரியாது. டீ கொண்டுவருகிற ஆளைப் பெரியவர்தான் வைக்கச் சொன்னார். பிரிட்டிஷ்காரன் செஞ்சுரியனுக்கு உள்ளேயே தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தைக் கரண்ட்டில் மாட்டிக் கொடுத்தவன், டீ இல்லாமல் இந்த வண்டி ஓடாது என்பது அவர் கட்சி.

இப்போது

கண்ணாடிப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு இருக்கிறது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை அந்தப் பைகளை வாணலியில் வறுத்துத் திரும்பப் போடுகிறார்கள், இல்லாவிட்டால் முல்தானி மண்ணில் பூஞ்சை பூக்கிறது. ஒரு மூலையில் ஏற்கெனவே லேசாகப் பூத்துவிட்டது, டெட்டால் தொட்ட பட்ஸால் துடைத்த இடம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பீரங்கியின் அடிப்பகுதியை மூடும் கேன்வாஸ் உறையின் மடிப்பு எந்தப் பக்கம் என்பதில் அப்பாவுக்கும் மகனுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இந்த முறை யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்தது விஜயந்தா. 1965 முதல் ஆவடியில் செய்த வண்டி, பெரியவர் பிற்பாடு அதிலும் வேலை பார்த்திருக்கிறார். அதற்கு லேலண்ட் எல்-60 எஞ்சின், பிரிட்டிஷ் சீஃப்டன் டேங்க்கில் இருந்த அதே எஞ்சின், ஆயில் ஒழுகுவதற்குப் பேர்போனது. மகன் இன்னும் ஒரு பாகம்கூட வெட்டவில்லை, அதற்குள் பெரியவர் ஒரு வெள்ளைத்தாளில் வண்டியின் பின்பக்கத்தைப் படம் போட்டு எங்கெங்கே கறை விழ வேண்டும் என்று புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறார். புள்ளிகள் இடது பக்கம் அதிகம். அந்தப் பக்கம்தான் ஒழுகுமா, அந்தப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தாரா என்று மகன் கேட்டிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.